ஜோடி மேஜைக்காரன்

அடுத்தவர் காதலுக்கு ஊற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. பங்காருபேட்டையிலிருந்து கோலார் கோல்டு ஃபீல்டு போகிற வழியில் ஒரு ஒயின் தோட்டம். அங்கே திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஜோடிகளை உட்காரவைத்து, நாலு வகை ஒயினை ருசி பார்க்கக் கொடுத்து, மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். ஞாயிறும் பண்டிகையும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எனக்கு லீவு செவ்வாய். என் மனைவி ஸ்டெல்லா ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூர் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு லீவு ஞாயிறு. ஏழு வருஷமாக இப்படித்தான். இந்த வருஷம் அவள் பெங்களூரிலேயே வீடு பார்த்துவிட்டாள். "ஜூன்ல நானும் பாப்பாவும் போயிடறோம். நீங்க வரீங்களா இல்லியான்னு உக்காந்து பேசணும்" என்றாள். உட்கார்ந்து பேச எங்களுக்குத்தான் ஒரு கிழமை கிடையாதே.

துப்பச் சொன்னார்கள்

சேர்ந்த முதல் நாள் மேனேஜர் மேடம் பாடம் நடத்தினார். எல்லா ஜோடியிடமும் "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்க வேண்டும். ஊற்றுகிறவன் ஒருபோதும் உட்காரக் கூடாது. ஒயினை வாயில் வைத்து ருசி தெரிந்ததும் கிண்ணத்தில் துப்பிவிட வேண்டும். கடைசி விதியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒயின் என்றால் எனக்குச் சர்ச்சில் கொடுக்கிற திருவிருந்துதான். இரண்டு கையாலும் கிளாஸை வாங்கினேன், கண் தானாக மூடிக்கொண்டது, விழுங்கிவிட்டு "ஆமென்" என்றும் சொல்லிவிட்டேன். அதைத் துப்ப எனக்கு மனசு வரவில்லை. பழகுவதற்காக ஊற்றி வைத்த எட்டு கிளாஸும் உள்ளே போனது. மேடம் கன்னடக்காரர், நிதானமாகத் தமிழில் சொன்னார்: "சாமி கும்பிடுங்க, பரவால்ல. ஆனா கெஸ்ட் முன்னாடி தள்ளாடக் கூடாது."

வெளிறிய மேடு

ஒரு பையன் மோதிரத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் சம்மதம் சொன்னதும், தூரத்தில் தெரிகிற வெளிறிய மேட்டைக் காட்டி, அது பின்னால் வருகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொன்னான். எனக்கு வாய் சும்மா இருக்காது. அது மலையில்லை, தங்கம் எடுத்தபிறகு கொட்டிய சைனைடு மண், சுரங்கத்தில் எங்கப்பா தோண்டின மண்ணும் அதில் இருக்கும் என்றேன். பையன் முகம் செத்துவிட்டது. அந்தப் பெண் மேட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "எடுக்க வேண்டியத எடுத்துட்டு, மிச்சத்த இங்கயே விட்டுட்டாங்களா?"

கிளாஸில் திராட்சைச் சாறு

கோல்டு ஃபீல்டின் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பிள்ளைகள் கல்யாண நாள் பரிசாக மேஜை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். பௌத்தக் குடும்பம், மதுவைத் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு அது ஞாபகமே வரவில்லை போலிருக்கிறது. நான் ஒயின் கிளாஸிலேயே திராட்சைச் சாறு ஊற்றினேன்.

அந்த அம்மா ரசித்துச் சாப்பிட்டார். பெரியவர் தட்டில் கையே வைக்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லையா ஐயா என்று கேட்டேன். "நல்லாத்தான் கீது தம்பி. மைன்ல இருந்தப்ப ஷிஃப்ட்டு. மூடினப்புறம் பெங்களூர்ல வாட்ச்மேன் வேல. போன மாசந்தான் நின்னேன். மத்தியானத்துல இவ உக்காந்து சாப்பிடறத இப்பத்தான் பாக்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் விடியற்கால ரயிலுக்கு அலாரம் வைத்துப் படுத்தாள்.

ஞாயிறு ஒரு மணி, இரண்டு பேர்

அடுத்த ஞாயிறு புக்கிங் லிஸ்டில் ஸ்டெல்லா என்று ஒரு பெயர் இருந்தது. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு ஸ்டெல்லா, நான் கவனிக்கவில்லை. ஒரு மணிக்கு ஆராதனை முடிந்த கையோடு, சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில் என் ஸ்டெல்லா தனியாக வந்தாள். நாற்காலியை இழுத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊட்ல பேச நேரம் கெடைக்கல. அதான் விசேஷம். உக்காருங்க."

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயம்; அதைவிட ஜூன் மாசத்தை நினைத்துப் பயம். மேடம் வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "மூணு பேரும் போலாம்" என்றேன். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "மொதல்ல சாப்பிடுங்க. நீங்க சாப்பிடறதப் பாத்து எத்தினி நாளாவுது."

ஊற்றுகிறவன் உட்காரக் கூடாது என்று விதி எழுதினவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.