தோராவின் காலி ஃபிரிட்ஜ்

எண்பதைத் தாண்டிய தோராவைப் பற்றி பெர்கன் என்ற குளிர்நாட்டுத் துறைமுக ஊரில் யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அவள் ஃபிரிட்ஜ் நாறுகிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னது யார்? பெற்ற மகள் மாரித்!

கரையோரமாக ஓடும் பயணிகள் கப்பலில் காலமெல்லாம் சமையல்காரியாக இருந்தவள் தோரா. குளிரறையில் ஒரு மீன் கெட்டால் கப்பலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தப் பயம் கரைக்கு வந்த பிறகும் விடவில்லை. வாராவாரம் கடைக்குப் போகும் முன் ஃபிரிட்ஜ் தட்டுகளைத் துடைத்துவிடுவாள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கதவு ரப்பரின் மடிப்பில்கூடத் துணியை விட்டு நோண்டுவாள்.

நவம்பரில் காய்ச்சல் வந்து படுத்தபோதுதான் முதன்முறையாகத் தவறியது. அன்று பார்த்தா மாரித் வர வேண்டும்! பூசணம் பிடித்த சீஸ் ஒன்று கையில் சிக்கியது. அம்மாவால் தனியாக இருக்க முடியவில்லை, மூன்று மாடி ஏற முடியவில்லை, முதியோர் இல்லத்தில் இடம் கொடுங்கள் என்று நகராட்சியிடம் போய்ச் சொல்லிவிட்டாள் புண்ணியவதி. இன்று காலை அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வார்.

தோராவுக்குக் கை கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வெளியே உறைபனி. பால், மீன் உருண்டை, பழுப்பு சீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பால்கனியில் வைத்தாள். குளிர்காலத்தில் அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். பிறகு தேய்த்தாள், கழுவினாள், துடைத்தாள். ஃபிரிட்ஜுக்குள் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஆகிவிட்டது.

"வரட்டும்! மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்கட்டும்!" என்று தனக்குத்தானே கத்தினாள்.

சாமானைத் திரும்ப எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வாசலில் சுன்னிவா என்ற இளம் அதிகாரி. அவள் கோட்டைக் கழற்றக்கூட விடாமல் தோரா சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"காபி அப்புறம். முதல்ல ஃபிரிட்ஜைத் தொறந்து பாரும்மா!"

சுன்னிவா திறந்தாள். பளபளவென்று இருந்தது. ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை. அவள் முகம் வாடியது.

"தோரா, நீங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? எத்தனை நாளா இப்படிக் காலியா இருக்கு?"

தோராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடக் கடவுளே! எல்லாம் பால்கனியில இருக்கும்மா!"

பால்கனிக் கதவைத் திறந்தால் பையைக் காணோம். பனியின் மேல் கடற்காகங்களின் கால் தடம்தான் இருந்தது.

"சரி சரி, பால்கனியில இருந்துச்சு. வாங்க, உக்காருங்க," என்றாள் சுன்னிவா, மெதுவாக, மிக இனிமையாக. புத்தி பேதலித்தவர்களிடம் பேசுகிற குரல் அது. வீடு போச்சு என்றே தோரா நினைத்துவிட்டாள்.

அப்போதுதான் கீழ்வீட்டு ஏகிலின் சத்தம் முற்றத்திலிருந்து கேட்டது.

"ஏம்மா தோரா! உனக்கென்ன கிறுக்கா? பனி வாருறவன் தலையில மீன் உருண்டையா கொட்டுறியே!"

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கம்பி வழியாக இழுபட்டு விழுந்த பை கீழே கிழிந்து கிடந்தது. கடற்காகங்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்று பழுப்பு சீஸைக் கவ்விக்கொண்டு கூரைக்கு மேல் பறந்தது.

"பாத்தியா! பாத்தியா! அது என் சீஸ்!" என்று தோரா குதித்தாள். களவு கொடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷி உலகத்தில் உண்டா!

சுன்னிவா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா இப்ப வீட்ல ஒண்ணும் இல்லையே. இந்தப் படியில எறங்கி, ஏறி..."

"பூட்ஸை மாட்டு. கடைக்குப் போறோம்."

போனார்கள். மீனும் உருளைக்கிழங்கும் பாலும் வாங்கினார்கள். திரும்பும்போது இரண்டாவது மாடியிலேயே சுன்னிவா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். பையோடு மேலே நின்ற தோரா குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா, இல்லத்துல உனக்கு ஒரு இடம் கேக்கட்டுமா?"

மீன் சூப் கொதித்தது. சுன்னிவா இரண்டாவது கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, "மாசா மாசமா கழுவுவீங்க? நான் வருஷத்துக்கு ஒரு தடவை..." என்று இழுத்தாள்.

"வருஷத்துக்கா! உன் வீட்ல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

கிண்ணத்தை வழித்துவிட்டு சுன்னிவா மாரித்தைத் தொலைபேசியில் அழைத்தாள். "உங்க அம்மா இந்த வீட்லயேதான் இருக்கப் போறாங்க. இல்லம் இப்ப தேவையே இல்ல. அப்படித்தான் எழுதப் போறேன்."

தோராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். மறுமுனையில் மாரித் மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னிக்கு நீ காய்ச்சல்ல கெடந்ததைப் பாத்து எனக்குப் பயமாயிருச்சும்மா."

தோராவுக்குக் கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆனாலும் குரலை இறக்கவில்லை.

"பயமா இருந்தா வந்து என்கூட உக்காந்து சாப்பிடுடி. போட்டுக் குடுக்காதே!"