சிவப்புக் காரின் தரையில் நாலு ஓட்டைகள்

டாக்டர் ஸ்ரீரஞ்சனிக்கு ஓட்டையைக் கண்டால் பொறுக்காது. பல்லில் இருந்தாலும் சரி, கொசுவலையில் இருந்தாலும் சரி, அடைத்துவிட்டுத்தான் மறு வேலை. மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருபத்தாறு வருஷமாகப் பல் கிளினிக் நடத்துகிறாள். முதல் மாடியில் வீடு. கீழே பத்து மணிக்குத் துளைபோடும் சத்தம் கேட்டால் மேலே குக்கர் வைக்கிற நேரம் என்று அக்கம்பக்கத்தில் கடிகாரம் பார்க்காமலே தெரிந்துகொள்வார்கள்.

கையில் நாலு காசு சேர்ந்தால் மற்றவர்கள் நகை வாங்குவார்கள், மனை வாங்குவார்கள். ஸ்ரீரஞ்சனி இரண்டாயிரத்தில், இருபத்தெட்டாவது வயதில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். கோவாவில் கட்டிக் கொஞ்ச காலமே விற்ற வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரைக்குப் பதில் மடக்குகிற துணி, உடம்பு முழுக்க ஃபைபர், நிறம் நல்ல சிவப்பு. லஸ் முனை சிக்னலில் நின்றால் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பார்கள். மாமியார் ஒரே ஒரு தரம் அதில் உட்கார்ந்தார். அவரை எழுப்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் சாகும்வரை அந்த அம்மாள் அதைக் கார் என்று சொல்லவே இல்லை, "அந்தத் தொட்டி" என்றுதான் சொன்னார்.

கணவர் சங்கரன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசைப்படவில்லை. ஆனால் யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுகிறவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவார். கால் டாக்சியிலிருந்து இறங்கியதும், "கிளட்ச்லயே கால வெச்சுண்டு வரான், அவன் வண்டி ஆறு மாசம் தாங்காது" என்று ஜோசியம் சொல்வார். அதைத் தவிர அவர் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது ஸ்ரீரஞ்சனிக்கு ஞானப் பல்லைப் பிடுங்குவதைவிடக் கஷ்டம்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரீன்வேஸ் சாலை முனையில், முன்னால் போன தண்ணி லாரி சட்டென்று நின்றது. ஸ்ரீரஞ்சனி பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. ஒடித்துத் திருப்பியதில் நடுச்சுவரில் மோதியது. அவளுக்கு நெற்றியில் இரண்டு தையல். சங்கரனுக்கு வலது முழங்கால் நொறுங்கிப்போனது. இரண்டு ஆபரேஷன். இன்றைக்கும் படியில் ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்குவார்.

அவர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர் ஒருவர், "பாவம், பதட்டத்துல லேட்டா மிதிச்சிருப்பா" என்று மெதுவாகச் சொன்னது ஸ்ரீரஞ்சனியின் காதில் விழுந்துவிட்டது. அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பிரேக் பிடிக்கவில்லையா, தான் மிதித்ததுதான் தாமதமா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் லாரியின் பின்பக்கம்தான் ஞாபகம் வந்தது, தன் கால் ஞாபகம் வரவில்லை. உடைந்த வண்டியைப் பின்கட்டு ஷெட்டில் தள்ளிப் பூட்டினாள். ஸ்டியரிங்கை அதற்குப் பிறகு தொடவே இல்லை. இருபத்தோரு வருஷம் ஆட்டோவிலேயே போய்வந்தாள்.

இந்த வருஷம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட எல்லோருமாகப் பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். தீபாவளி முடிந்ததும் காலி செய்ய வேண்டும். அடையாறில் வாடகை வீடு பார்த்தாயிற்று. காரைக் காயலாங்கடையில் போட்டுவிடலாம் என்று சொன்னவள் ஸ்ரீரஞ்சனியேதான். ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அதைக் கடைசியாகப் பார்க்கலாமே என்று ஷெட்டைத் திறந்தாள். முகப்பில் கையை விடலாம் போல ஓட்டை. அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிளினிக்குக்குப் பல்வலியோடு வந்த ஊரூர் குப்பத்து ஆரோக்கியராஜின் விரல்களில் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசை ஒட்டியிருந்ததை அவள் கவனித்தது அந்த வாரம்தான். குப்பத்தில் முக்கால்வாசி ஃபைபர் படகுகளுக்கு அவர்தான் வைத்தியர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த மனிதரிடமே, "காரை ரிப்பேர் பண்ணுவேளா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாத நிலையில் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஷெட்டில் வேலை நடந்தது. இரண்டு பேரும் செய்வது ஒரே தொழில்தான், அளவுதான் வேறு. அவள் கடுகளவு பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவாள். அவர் பாய் விரிப்பதுபோல் ஃபைபரை விரித்து ரெசினை வாளியிலிருந்து அள்ளிப் பூசுவார்.

"இவ்வளவு கனமா வேண்டாம் ஆரோக்கியராஜ், பானெட் மூடாது."

"இன்னா டாக்டர் இப்டி சொல்லிக்கினு கீறீங்க? இத்த வெச்சி புயல்லயே போவலாம்."

பானெட் மூடவில்லை. அவர் நாலு நாளில் பூசியதை அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து தேய்த்தாள். இடுக்குகளைப் பல் பார்க்கிற கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். ஜூலையில் தரையைச் சரி செய்தபோது, காலை வைக்கிற இடத்தில் இரண்டும் சீட்டுக்கடியில் இரண்டுமாக, ரூபாய்க் காசு அளவில் நாலு ஓட்டைகள் இருந்தன. ஆரோக்கியராஜ் நாலையும் அடைத்தார். அவள் சொத்தை பார்க்கிற கூர்மையான கம்பியால் ஓரமெல்லாம் சுரண்டிப் பார்த்தாள், எங்கேயும் மாட்டவில்லை. "என் கிளினிக்ல சேந்துடுங்கோ" என்று அவரைப் பாராட்டினாள். அதன் மேல் கார்ப்பெட்டும் போட்டாயிற்று.

எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்தவர் ராயப்பேட்டை ஹனீஃபா பாய். அறுபது வயது, நிதானமான மெக்கானிக். பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியோடு புதுமாதிரி பெட்ரோல் இன்ஜெக்ஷன் வைத்தார். பெட்டி சீட்டுக்கடியில் உட்கார்ந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாலு சக்கரத்துக்கும் புது டிஸ்க் பிரேக் வேண்டும் என்றாள் ஸ்ரீரஞ்சனி. தோளைத் தாண்டி வரும் சீட் பெல்ட்டும் வேண்டும் என்றாள். பழைய பிரேக்கைக் கழற்றிக் கீழே வைத்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாய், இதைப் பார்த்தா, அப்பவே இது சரியில்லாம இருந்துதான்னு சொல்ல முடியுமா?"

ஹனீஃபா பாய் துருப்பிடித்த அந்தப் பிரேக் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷம் ஆயிடுச்சேம்மா. இப்ப எல்லாமே துருதான். இத்த வெச்சி நா இன்னான்னு சொல்றது?" என்றார். கேட்டது எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், உருளையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்.

செப்டம்பரில் எஞ்சின் ஓடியது. பேப்பர்களையெல்லாம் ஹனீஃபா பாயே அலைந்து புதுப்பித்துக் கொடுத்தார். நவம்பர் முதல் ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பில்டர் ஆட்கள் தகரம் அடித்து வாசலை மூடுவார்கள். அதற்குள் கார் தன் காலால் வெளியே போக வேண்டும். "பாய் ஓட்டிண்டு வருவார், நாம சாமான் டெம்போவோட போயிடலாம்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். சங்கரன் "ம்" என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு தரம் விபத்து நடந்த அந்தச் சாலையில் ஓட்டவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்து அரித்தது. கேட்க வாய் வரவில்லை. அந்த முழங்காலைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

சனிக்கிழமையே ஆட்கள் வந்து ஷெட்டின் மேல் இருந்த ஷீட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காரின் கூரைத் துணி தையற்கடையில் இருந்தது. ஸ்ரீரஞ்சனி ஒரு தார்ப்பாயைக் கட்டி வைத்தாள். அன்று இராத்திரி அடித்த மழையில் தார்ப்பாய் பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்குக் குடிபோனது.

காலை ஆறரைக்கு இறங்கிவந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சீட்டு வரைக்கும் தண்ணீர். நடுவில் அவளுடைய பிளாஸ்டிக் டப்பா ஒன்று நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. ஏழு மாத ஞாயிறுகள் கண் முன்னால் ஊறிக்கிடந்தன. படியில் உட்கார்ந்து, ஐம்பத்து மூன்று வயசு டாக்டர் என்பதெல்லாம் மறந்து, குழந்தை மாதிரி அழுதாள்.

சங்கரன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பார்த்தார். "அம்மா சரியாத்தான் பேர் வெச்சிருக்கா" என்றார். தேற்றுவதாகத்தான் நினைப்பு. அவள் இன்னும் கொஞ்சம் பலமாக அழுதாள்.

போன் பண்ணியதும் ஆரோக்கியராஜும் ஹனீஃபா பாயும் வந்துவிட்டார்கள். முதலில் வந்த ஆரோக்கியராஜுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களா டாக்டர், ஒரு சொட்டு வெளிய போவல! நம்ம வேல அப்டி!"

அவள் முகத்தைப் பார்த்ததும் பூரிப்பு இறங்கியது. ஒரு பிளாஸ்டிக் கேனைப் பாதியாக வெட்டி, படகில் இறைப்பதுபோலத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். ஹனீஃபா பாய் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைக் கையால் தடவினார்.

"இங்க நாலு ஓட்ட இருக்கணுமே, எங்க?"

டாக்டரும் ஆரோக்கியராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடைச்சிட்டோம்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"தண்ணி வெளிய போறதுக்குன்னு கம்பெனிக்காரனே வெச்ச ஓட்டம்மா அது."

"படகுல ஓட்ட இருந்தா தண்ணி உள்ள வரும் பாய்" என்றார் ஆரோக்கியராஜ் மெல்லிய குரலில்.

"கார் இன்னா கடல்லயா போவுது? ஒருத்தரு பல்லு அடைக்கிறவங்க, ஒருத்தரு படகு அடைக்கிறவரு. நல்ல ஜோடி சேந்தீங்க!" ஹனீஃபா பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுது வீங்கிய முகத்தோடு ஸ்ரீரஞ்சனியும் சிரித்தாள்.

முன்பக்கத்து இரண்டு அடைப்புகளையும் துளைபோட்டுத் திறந்தார்கள். பின்னால் இருந்த இரண்டின் மேல் சீட் இரும்பு உட்கார்ந்திருந்தது, அதைக் கழற்ற நேரமில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளேயும் ஈரம். டெம்போவில் ஏற்றியிருந்த கிளினிக் கம்ப்ரஸரை இறக்கிவந்து, பல்லில் காற்றடிக்கிற குழாயால் ஸ்ரீரஞ்சனி ஒயர் சொருகுகிற பின்களை ஒவ்வொன்றாக ஊதிக் காயவைத்தாள். பதினொன்றே முக்காலுக்கு ஹனீஃபா பாய் சாவியைத் திருப்பினார். ஒரு தரம் இருமியது, இரண்டாம் தரம் தும்மியது, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. தகரத்தோடு காத்திருந்த ஆட்கள்கூடக் கைதட்டினார்கள்.

ஹனீஃபா பாய் இறங்கித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது சங்கரன் நொண்டி நொண்டி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"ஏன்னா, சீட் சொதசொதன்னு இருக்கு" என்றாள் அவள், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"வேஷ்டிதானே, காஞ்சுடும். பாய், நீங்க டெம்போல வாங்கோ. ரஞ்சனி, நாழியாறது, ஏறு."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏறினாள். இருவர் பெல்ட்டையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். மந்தைவெளி வழியாக இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். சங்கரன் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரீன்வேஸ் சாலை முனையில் சிக்னல் மஞ்சளுக்கு மாற, முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. மிதித்தாள். கார் நின்றது. நின்றே விட்டது, ஆட்டோவுக்கு இன்னும் ஒரு முழம் இருக்கும்போதே. கூடவே, பின்னால் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் சீட்டுக்கடியிலிருந்து சளக்கென்று முன்னே பாய்ந்து சங்கரனின் கணுக்காலை நனைத்தது. அவர் பதறவில்லை. பாதத்தைத் தூக்கிக்கொண்டு, "பிரேக் நன்னா பிடிக்கறது" என்றார்.

சிவப்பு விளக்கில் தொண்ணூறு நொடி என்று காட்டியது. ஸ்ரீரஞ்சனி எதிரே பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் லேட்டா மிதிச்சேனா?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"இல்லையே. லாரி நின்ன உடனே மிதிச்சே. அடி வரைக்கும் போய் உன் கால் தரையில முட்டித்து. வண்டிதான் நிக்கல. நான் உன் காலைத்தானே பார்த்துண்டிருந்தேன்."

"இதை ஏன் இருபத்தோரு வருஷமா சொல்லல?"

"நீ கேக்கல. மிதிச்சது நீ. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அங்கேயே இறக்கிவிட்டுப் போகவும் தோன்றியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"பச்சை விழுந்துடுத்து" என்றார் சங்கரன், மறுபடி அவள் காலைப் பார்த்தபடி.

ஸ்ரீரஞ்சனி கியர் போட்டு, அடையாறு பாலத்தை நோக்கிக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள்.