தூக்க ஆளில்லாத மாடிப்படி

கால் நூற்றாண்டுக்கு மேல் நான் பர்மாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளை எழுந்து நின்று சொல்லச் சொல்வேன்: "நம் நாட்டில் மக்கள் தொகை மிகக் குறைந்த மாநிலம் கயா." ஏன் என்று கேட்டால், மலை, செங்குத்துச் சரிவு, சமவெளி குறைவு என்று ஒரே குரலில் பதில் வரவேண்டும். தேர்வில் தவறாமல் வரும் கேள்வி அது. ஆனால் அந்த மாநிலத்தை நான் பார்த்ததில்லை. என் எதிர் வீட்டுக்கு ஒரு தாயும் மகளும் குடிவரும் வரை, அங்கிருந்து வந்த யாரோடும் பேசியதும் இல்லை.

நான் இருப்பது நகரத்தின் தின்கன்ஜூன் பேட்டையில், ஒரு சந்துக்குள். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடி. என் வீட்டுக்காரர் பர்மியர். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எங்களுக்கு ஒரே மகள். அவள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, தூக்கி உட்காரவைப்பது. அந்த நாட்டில் கிழவர்கள் அதிகம், பார்த்துக்கொள்ள இளையவர்கள் இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்தப் பாடத்துக்குள் என் பெண்ணே போய் உட்கார்ந்துகொள்வாள் என்று அப்போது தோன்றவில்லை.

வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே ட்யூஷன் எடுத்தேன். ஒரு காலத்தில் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. வாசலில் செருப்புகள் படி வரைக்கும் இறங்கிக் கிடக்கும். பிறகு பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். திங்கட்கிழமை ஒருவன் வரவில்லை என்றால், அவன் இனி வரமாட்டான் என்று அர்த்தம். தாய்லாந்தோ, மலேசியாவோ, அதற்கும் அப்பாலோ. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற காலம்; காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. சாயங்காலமானால் சந்தில் வட்டமாக நின்று பிரம்புப் பந்தை உதைக்கும் பையன்கள் இருந்தார்கள். ஒருநாள் வட்டத்துக்கு ஆள் போதவில்லை. அப்புறம் பந்தே இல்லை.

தமிழ் ஜனங்களும் அப்படித்தான். என் தம்பி நகரத்துக்கு வெளியே கியாக்தானில் நிலம் வைத்திருக்கிறான். பஸ் ஏறி வரும்போது சுரைக்காயும் கீரையும் கொண்டுவருவான். அவன் ஊர்க் கோயிலில் போன வருடம் நடந்த திருவிழாவைப் பற்றிக் கேட்டேன்.

"நடந்துச்சுக்கா. சாமி தூக்கத்தான் ஆளில்ல. எல்லாம் என்னய மாதிரி நரைச்ச தலதான். தோள்ல வச்சா ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தனுக்கு மூச்சு. கடைசில அடியில சக்கரம் வச்சு உருட்டிக்கிட்டு வந்தோம்."

"சாமிக்குக் குலுங்கலையா?"

"குலுங்குனா என்ன செய்ய? அதுவும் பழகிக்கணும்."

அவன் மகன்கள் இருவரும் மலேசியாவில். பேச்சை மாற்றி, உரம் விலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

எதிர் வீட்டுக்காரர்கள் வந்தது வெயில் காலத்தில். கயா மலைப் பக்கம் சண்டை வந்து ஊரோடு கிளம்பியவர்கள். பல இடங்களில் தங்கி, கடைசியில் சொந்தக்காரர் யாரோ பிடித்துக்கொடுத்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தாய்க்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். மகள் மாசமாக இருந்தாள். அவள் புருஷன் தாய்லாந்தில் மீன் தொழிற்சாலையில். வந்த மறுநாள் காலையில் அந்தத் தாய் என் கதவைத் தட்டினாள்.

"சயாமா, இங்க தண்ணி எப்போ ஏறும்?"

சயாமா என்றால் டீச்சரம்மா. நான் டீச்சர் என்று கீழ் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"கரண்ட் வந்தா ஏறும். கரண்ட் எப்போ வரும்னு கேக்காதீங்க, அமா" என்றேன். அமா என்றால் பர்மியில் அக்கா. சொல்லும்போதெல்லாம் என் காதில் பாதித் தமிழாகத்தான் விழும்.

நாங்கள் பேசிக்கொண்டது பர்மியில்தான். அவளுடைய பர்மியில் மலை வாடை. என்னுடையதில் துறைமுகக் கூலி லைனில் வளர்ந்த தமிழ் வாடை. ஒருவர் உச்சரிப்பை ஒருவர் திருத்தவில்லை. பழகிய பிறகு ஒருநாள், உங்கள் மாநிலத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"ஜனம் குறைச்சல்னு."

"குறைச்சல்னு எங்களுக்குத் தெரியாதே, சயாமா. எல்லாரும் இருந்தோம்."

பிறக்கப்போகிற குழந்தைக்குத் துணி வாங்க அவளை லத்தா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். மொத்த வியாபாரக் கடைகள், நடைபாதை முழுக்கக் கூடைகள், தலையில் தட்டு, கையில் சுமை. அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்து, "எங்க போறீங்க?" என்று நின்று கேட்டாள். ஒரு பழக்கடைக்காரி பயந்து கூடையை இழுத்துக்கொண்டாள். அவர்கள் ஊர்ப் பாதையில் எதிரே ஆள் வந்தால் நின்று பேசாமல் போகமாட்டார்களாம். அடுத்த ஆள் எப்போது எதிர்ப்படுவான் என்று தெரியாதே. தெருமுனை வருவதற்குள் களைத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு ஜனம், சயாமா! இவங்க எல்லாருக்கும் யாரு சோறு ஆக்குறது?"

அதே தெருவில் என் கண்ணில் பட்டதெல்லாம் அங்கே இல்லாமல் போனவர்கள்தான். மூட்டை தூக்கும் பையன்கள் இல்லை. போன் ரிப்பேர் பண்ணுகிற இளைஞன் இருந்த இடத்தில் அவன் அம்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "சயாமா!"

மகள் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பனிக்குடம் உடைந்து, இடுப்பில் சுற்றியிருந்த லோஞ்சி நனைந்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்து நிற்கவைத்தோம், கண் இருட்டுகிறது என்று அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"தூக்கித்தான் போகணும்" என்றேன். சொன்ன பிறகுதான் யார் தூக்குவது என்று நினைத்தேன்.

மாடி மாடியாக ஓடிக் கதவைத் தட்டினேன். மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டிலும் பூட்டு. ஐந்தாம் மாடிப் பெரியவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. "நான் வர்றேன்" என்று சட்டையைத் தேடினார், அவர் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆறாம் மாடியில் ஒரு பாட்டி. அவள் பேரன் மழைக்கு முன்பே தாய்லாந்து போயாகிவிட்டது. அதற்கு மேலே கதவு எதுவும் திறக்கவில்லை. அந்தக் கட்டிடத்தில் இருந்த பையன்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இருந்திருந்தால் இரண்டு பேர் போதும், சிரித்துக்கொண்டே இறக்கியிருப்பார்கள்.

கடைசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். நான், அந்தத் தாய், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் பழைய குமாஸ்தா அம்மாள், கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் குடல் இறக்கக்காரர். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, விழாமலிருக்க என் புடவையால் சுற்றிக் கட்டினோம். திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற புடவை. கைக்கு அகப்பட்டது அதுதான்.

"முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி ரெண்டு பேர்" என்றார் வெற்றிலைக்காரர். "யாருக்குக் கை நழுவுதோ, வாயால சொல்லிடணும். ரோஷம் பாக்கக் கூடாது."

படி குறுகல், இருட்டு, மழைச் சாரலில் வழுக்கல். ஒரு வளைவில் நாற்காலிக் கால் கம்பியில் மாட்டிக்கொண்டது. "எனக்குக் கை போச்சு" என்று குமாஸ்தா அம்மாள் அழுதே விட்டாள். இறக்கி வைத்தோம். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. தாய் தன் பாஷையில் மாதாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்த மகள், எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது. நான் நடக்கிறேன்" என்றாள்.

"பேசாம உக்காரு" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அதட்டினோம்.

எப்படி இறங்கினோம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. சந்துத் தண்ணீரில் ஒரு சைக்கிள் ரிக்ஷா நின்றது. ஓட்டியவருக்கும் எழுபது இருக்கும். அவர் ஏறி மிதிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி இழுத்தார், நாங்கள் பின்னால் தள்ளினோம். மெயின் ரோட்டில் டாக்சி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து நனைந்த துணி காய்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண்.

"முன்னல்லாம் ஒரு கட்டிலுக்கு ரெண்டு தாய்" என்றாள் நர்ஸ், காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலைத் தட்டிவிட்டு. "இப்ப நீங்க இதுல படுத்துக்கலாம், சயாமா."

நான் படுத்துக்கொண்டேன். இடுப்பை அசைக்க முடியவில்லை.

அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் இருந்த ஒரே கைக்குழந்தை அதுதான். அதைப் பார்க்க முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் மாடி ஏறினார்கள். ஐந்தாம் மாடிப் பெரியவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, குழந்தை தூங்கும் வரை சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குமாஸ்தா அம்மாள் நாலாம் மாடிக்கு வந்தது அதுவே முதல் தடவை. பிறகு தினமும் வந்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் கடைக்குப் போனால் குழந்தை என் மடியில். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சொன்ன வார்த்தைகள் தானாக வாயில் வந்தன: செல்லம், ராசாத்தி, எங்கம்மா, தங்கக்கட்டி. என் மகள் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் பர்மியில்தான் வரும். இந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு ஆளே இல்லாமல் போயிருந்தது. அந்தக் கயாக் குழந்தை அதையெல்லாம் கேட்டு என் மூக்கைப் பிடித்தது.

போனில் மகளிடம் குழந்தையைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்க நான் பார்த்துக்கிற பாட்டி ஒருத்தங்க, என்னைத் தன் மக பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க, அம்மா" என்றாள் பர்மியில்.

"நீ என்ன சொல்லுவே?"

"வந்துட்டேன்னு சொல்லுவேன்."

அந்தப் பாட்டியின் மகள் எங்கே என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தக் கிழவியை நினைத்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்று சொன்னால் தப்பில்லை.

குளிர்காலம் முடியும்போது எதிர் வீட்டு மருமகன் ஏற்பாடு பண்ணிவிட்டான். மகளும் குழந்தையும் தாய்லாந்துக்கு. தாயும் கூடப் போவாள் என்று நினைத்திருந்தேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அங்க நான் என்ன பண்ண? ரூமுக்குள்ள உக்காந்திருக்கவா? எங்க ஊர்ல ரெண்டொரு வீட்டுக்கு ஆள் திரும்பிட்டாங்களாம். நானும் போறேன்."

"தனியா எப்படி, அமா? இங்கயே இருந்திடுங்களேன். என் வீட்டுல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு."

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று சொல்ல முடியாது. யாரிடமும் நான் இரு என்று கேட்டதில்லை, மகளிடம்கூட. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லவங்க, சயாமா. ஆனா நானும் போகலைன்னா அங்க யாரு?"

ஒரே வாரத்தில் இரண்டு பஸ், இரண்டு திசை. முதலில் மகளும் குழந்தையும், பிறகு தாய். குழந்தை போன அன்று கட்டிடமே சந்துக்கு இறங்கி வந்து நின்றது. தாய் போனபோது நானும் வெற்றிலைக்காரரும் மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டாக்சியில் மூட்டையை வைத்துவிட்டு அவர் சொன்னார், "இந்தம்மா பொடிநடையா இறங்கி வந்தாங்க. எனக்கு என்னவோ தூக்கிட்டு வந்த மாதிரியே இருக்கு." நான் மேலே ஏறி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குமாஸ்தா அம்மாள் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். நான்தான் சில நாள் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். எங்களுக்குப் பேச அதிகம் இருக்காது. எதிர் வீடு இன்னும் காலிதான்.

போன மாதம் ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அவள்தான். சிக்னல் கிடைக்க மலை ஏறியிருக்கிறாள். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கூரை போட்டாயிற்றாம். சோளம் விதைத்தாயிற்றாம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டதாம், போட்டோ வந்ததாம்.

"ஊர்ல இப்ப எத்தனை பேர், அமா?"

"பாதையில ஆளைப் பாத்தா நின்னு பேசுற அளவுக்கு இருக்கோம்" என்று சிரித்தாள். "வாங்களேன், சயாமா. இங்க இடத்துக்கா பஞ்சம்? நீங்க வந்தா ஒரு ஆள் கூடும்."

"என் முழங்காலுக்கு உங்க மலை ஆகாது."

"நாங்க தூக்கிட்டுப் போறோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அன்று வேறு யாரோடும் பேச நேரவில்லை.