உட்காராதவர்கள் வரிசை

காசு கொடுத்து வாங்கிய நாற்காலியில் இங்கே யாரும் உட்காருவதில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் சந்தேகப்பட்ட விஷயம் அதுதான். கால்பந்து மைதானத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் நம்பர் உண்டு. டிக்கெட்டில் அந்த நம்பரை அச்சடித்தும் கொடுக்கிறார்கள். ஆனால் விசில் ஊதியதும் எங்கள் பகுதியில் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தயவுசெய்து உட்காருங்கள், உட்காருவது விதி என்று கெஞ்சிக்கொண்டே இருக்கும். ஒருவர் காதிலும் ஏறாது. ஆள் நடமாட்டமில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்திக் காத்திருக்கிற சனம் இது. பஸ் ஸ்டாப்பில் ரெண்டே பேர் நின்றாலும் வரிசை கட்டுகிற சனம். அப்படிப்பட்டவர்கள் ஒரு விதியை இவ்வளவு பகிரங்கமாக மீறினால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் உட்காருகிறேனா நிற்கிறேனா என்று யாரோ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதாகவே பட்டது.

சந்தேகம் எனக்கு அப்பா வழிச் சொத்து. நாங்கள் மரக்காணத்துக்காரர்கள். அப்பா உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவித்தவர். உப்பு வாருகிற நாட்களில் வானத்தில் கறுப்பாக ஒரு துண்டு மேகம் தெரிந்தால் போதும், அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒரு மழை போதும், அத்தனை பாடும் தண்ணீரோடு தண்ணீராகிவிடும். மேகத்தையே நம்பாதவர் மனிதரை எங்கே நம்புவார்? லாரிக்காரன் சிரித்தால், இவன் ஏன் சிரிக்கிறான் என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். 2004இல், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்து சேர்ந்தேன். என் பெயர் ஏழுமலை. அது அவர்கள் வாயில் நுழையாமல் ‘எஸ்ஸி’ ஆயிற்று.

என்னைப் பந்தாட்டத்துக்கு இழுத்துப் போனவர் பேரி, எங்கள் இல்லத்தின் தலைமைச் சமையல்காரர். கனத்த உடம்பு, நரைத்த மீசை, காலையிலேயே பாட்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, டிவியில் கடல் ஊருக்குள் வருவதைக் காட்டினார்கள். தமிழ்நாட்டுக் கரை என்றார்கள். நான் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தேன். பேரி வந்து போனை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார். “இங்கேயே நின்றால் பைத்தியம் பிடித்துவிடும், வா” என்று தன் காரில் ஏற்றினார். ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்ட அவர் தம்பியின் நாற்காலி அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அன்று என்ன ஆட்டம், யார் ஜெயித்தார்கள், ஒன்றும் தெரியாது. சுற்றிலும் பாடுகிறவர்கள் நடுவில் அவர் என் தோளைப் பிடித்தபடியே நின்றார்.

வீட்டார் பிழைத்திருந்தார்கள், பாத்தியெல்லாம் கடல் சேறு. பக்கத்து ஊரான அனுமந்தைக் கடற்கரையில் என்னோடு பந்து விளையாடிய முருகவேல் போய்விட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கடுத்த ஆட்டத்தில், தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. தெரியாத என் ஊருக்காக, பெயர்கூடத் தெரியாத முருகவேலுக்காக, அத்தனை ஆயிரம் பேர் தொண்டையைக்கூடச் செருமாமல் நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து நான் நிற்கிறவர்கள் கட்சி. அந்த நாற்காலியும் எனக்கே ஆயிற்று.

நிற்பதா உட்காருவதா என்ற சண்டை எனக்குப் புதிதும் இல்லை. அனுமந்தையில் பொங்கலுக்கு நடக்கும் பந்துப் போட்டியில் முன்னால் இருப்பவர்கள் மணலில் குந்தியிருப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் நிற்பார்கள், அதற்கும் பின்னால் இருப்பவர்கள் கரையேற்றிய படகில் ஏறிக்கொள்வார்கள். முன்வரிசைக்காரன் ஒருவன் ஆவேசத்தில் எழுந்துவிட்டால், “டேய், குந்துடா! உன் முதுகு இன்னா கண்ணாடியா?” என்று குரல் வரும். அத்தோடு முடிந்தது. இங்கே அப்படியில்லை. எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் மோரீன் என்று ஒரு அம்மாள். ஒல்லி, குள்ளம், வயதானவர். “நான் வாங்கியது நாற்காலி. பார்ப்பது உங்கள் பின்புறம்” என்பார். பேரி திரும்பாமலே, “உட்கார்ந்து பார்க்க இது என்ன சினிமாவா, மோரீன்?” என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வரிசையில் முதலில் எழுகிறவர் எப்போதும் பேரிதான்.

அடுத்த பருவத்தில், 2005 இலையுதிர் காலத்தில், சிரிப்பு நின்றுபோனது. தொடர்ந்து நிற்கிறவர்களின், ஆண்டு முழுக்கச் செல்லும் சீசன் டிக்கெட் பறிக்கப்படும் என்று நாற்காலிகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முன்பெல்லாம் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஸ்டூவர்டுகள், அதாவது கூட்டத்தைக் கவனிக்கும் காவலர்கள், பொதுவாகக் கையசைத்துவிட்டுப் போவார்கள். இப்போது நேராக எங்கள் வரிசைக்கு வந்தார்கள். பேரியின் கூட்டாளி டேரன், மொட்டைத் தலைக்காரன், முதலில் டிக்கெட்டை இழந்தான். இத்தனை பேர் நிற்கும்போது எங்களை மட்டும் எப்படிக் குறி வைக்கிறார்கள்? உள்ளே யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. முதலில் மோரீனைச் சொன்னார்கள். அவரோ, “நான் முகத்துக்கு நேராகத்தான் சொல்வேன்” என்று எல்லார் முன்னாலும் வெடித்தார். அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு நான் வந்ததும் பேச்சு நிற்க ஆரம்பித்தது. சந்தேகப்படுகிறவனுக்குத் தன்மேல் விழும் சந்தேகம் உடனே மணத்துவிடும்.

காரணம் இருந்தது. ஸ்டூவர்டுகளில் ஒருவர் தமிழர், சிவா. யாழ்ப்பாணத்துப் பக்கம். என் முகத்தைப் பார்த்துவிட்டு இடைவேளையில் தேநீர்க் கடையருகே வந்து பேச்சுக் கொடுத்தார். ஊர் எது என்றார். சொன்னேன். “உப்பு விளையிற இடமே? என்ரை அப்பாவும் ஆனையிறவிலை உப்பளத்திலை வேலை செய்தவர் அண்ணை” என்றார். அந்தக் குளிரில் இரண்டு பேரும் உப்பைப் பற்றிப் பேசினோம். ஆனையிறவில் எந்த மாதம் வாருவார்கள், மரக்காணத்தில் எந்த மாதம், எது பளபளக்கும், எது மங்கும் என்று. சந்தோஷமாக இருந்தது. கூடவே, இவர் ஏன் இவ்வளவு ஒட்டுகிறார் என்று உள்ளே ஒன்று அரித்தது. ஒருநாள் அவர், “உங்கடை வரிசையிலை முதல் ஆர் எழும்புறது?” என்று சாதாரணமாகக் கேட்டார். “எல்லாரும் ஒண்ணாத்தாங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் நாங்கள் பேசியதை எங்கள் வரிசை பார்த்திருந்தது.

பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இடைவேளை முடிந்து வந்தபோது என் நாற்காலிக்குப் போகும் வழியில் யாரும் ஒதுங்கவில்லை. பேரி சிகரெட்டையும் லைட்டரையும் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“எஸ்ஸி, அந்த ஆளோடு உனக்கு என்ன பேச்சு?”

“ஊர்ப் பேச்சு.”

“எதைப் பற்றி?”

“உப்பைப் பற்றி.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். “நான் சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை” என்றேன். ‘சத்தியமாக’ என்ற வார்த்தையை அவர்கள் பஸ் தாமதமானதற்கும் சொல்வார்கள். அதற்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை. பேரி அப்போதும் திரும்பவில்லை. அந்த நாற்காலி போனால் எனக்கு இந்த நாட்டில் நிற்க வேறு இடமில்லை என்பது அந்த நொடியில் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு. உப்புக் குவியலில் மூட்டை குறைந்தால் எல்லோரையும் கோயில் முன்னால் கூப்பிடுவார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். எடுக்காதவன் “நான் எடுக்கல” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதன்பிறகு அவனைச் சந்தேகப்படுகிறவன்தான் பாவி. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் யோசிக்கவில்லை. பேரியின் கையிலிருந்த பெட்ரோல் லைட்டரைப் பிடுங்கிப் பற்றவைத்தேன். அவர் முகத்துக்கு நேரே பிடித்து, தமிழில், “நான் சொல்லல” என்று கத்தி, வலது உள்ளங்கையால் அடித்து அழுத்தினேன். கற்பூரம் ஒரே அடியில் அணைந்துவிடும், கை சுடாது. லைட்டரின் வாயோ தீயில் காய்ந்த இரும்பு. கையை எடுத்தால் சத்தியம் பொய்யாகிவிடும் என்று எடுக்காமல் வைத்திருந்தேன்.

அவர்கள் பார்த்தது வேறு. அந்தக் கோடையில்தான் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்திருந்தது. தாடி வைத்த கறுத்த ஆள் ஒருவன் புரியாத மொழியில் கத்திக்கொண்டு நெருப்புப் பற்றவைக்கிறான். வரிசை கலைந்து ஓடியது. மோரீன் அலறினார். அதுவரை உட்காரச் சொல்லியும் உட்காராதவர்களில் பாதிப் பேர் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்திருந்தார்கள். என்னை வெளியே கொண்டுபோனது சிவாதான்.

கீழே ஒரு அறையில் போலீஸ்காரர் கேட்டார், “எதைப் பற்றவைக்கப் பார்த்தாய்?”

“ஒன்றையும் இல்லை. அணைக்கத்தான் பார்த்தேன்.”

சிவா ஏதேதோ விளக்கினார், கோயில், கற்பூரம் என்று. போலீஸ்காரர் சிவாவையும் என்னைப் பார்த்த மாதிரியே பார்க்க ஆரம்பித்தார். பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று விட்டார்கள். டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வாசலில் சிவா, “இனி என்னோடை கதையாதேங்கோ அண்ணை, எனக்கும் வேலை வேணும்” என்றார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு அப்போது வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை இல்லத்துச் சமையலறையில் பேரி உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். என் கைக்கட்டையே பார்த்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, “எனக்கு முன்பே தெரியும், நீ இல்லை என்று” என்றார்.

“எப்படி?”

“நான்தான் சொன்னேன்.”

முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். ஆட்டம் முழுக்க நிற்க முடியவில்லையாம். இத்தனை வருஷம் மோரீனைக் கேலி செய்துவிட்டு, தான் மட்டும் எப்படி உட்காருவது? எல்லோரையும் உட்காரவைத்துவிட்டால் தானும் உட்காரலாம் என்று கிளப் ஆபீசுக்குப் போன் செய்து வரிசையைச் சொல்லியிருக்கிறார். போட்டுக் கொடுத்த ஆளை வரிசையில் தேட ஆரம்பித்ததும் பயந்துபோய் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். “நீ கையை வைப்பாய் என்று எனக்குத் தெரியாது” என்று அழுதார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தட்டுகளை அவர்மேல் எறிந்திருப்பேன். ஆனால் என் கையிலிருந்து போனை வாங்கிய கை அது. வரிசையில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

2006 ஜூனில் லீவில் ஊருக்குப் போனேன். உலகக் கோப்பை நேரம். அனுமந்தையில் இளைஞர் மன்றத்து டிவியைச் சாயங்காலம் வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா என் பக்கத்தில் குந்தியிருந்தார். அன்று இங்கிலாந்து ஆட்டம். சுண்டல் பொட்டலத்தை நீட்டியபோது என் உள்ளங்கையிலிருந்த தழும்பைப் பார்த்துவிட்டார். இங்கிலாந்தில் அதைப் பார்த்தவர்கள் அடுப்பில் சுட்டுக்கொண்டதா என்பார்கள். மாமாவுக்கு அது அடுப்பில்லை என்று தெரியும்.

“இன்னா மச்சான் இது? கற்பூரமா?”

“லைட்டரு மாமா.”

“இன்னாத்த எடுத்துட்டேன்னு சொன்னாங்க?” குரல் தாழ்ந்துவிட்டது.

“எடுக்கல மாமா. போட்டுக் குடுத்தேன்னு சொன்னாங்க. கூட வேல செய்யறவரு, நம்ம பேரி...”

“நம்பினானா?”

“அவருக்கு முன்னாடியே தெரியும். போட்டுக் குடுத்ததே அவருதான்.”

“அத எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

என்ன சொல்வது? என் ஊர் சேற்றில் கிடந்த அன்றைக்கு அவர்தான் என் தோளைப் பிடித்து நின்றார் என்றா? அன்றைக்கு அனுமந்தையில் அந்தச் சேற்றில் இறங்கி ஆளைத் தேடியவர் மாமா. டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சுண்டலை மென்றபடி என்னைப் பார்த்தார். குற்றமில்லாதவன் திருடனைத் தெரிந்துகொண்டே சும்மா இருப்பானா? வேறு ஏதோ இருக்கிறது. எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்றது அவர் பார்வை. அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல, எங்கள் வீட்டுப் பார்வைதான். என் மேல் அது விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

டிவியில் இங்கிலாந்து கோல் போட்டது. அனுமந்தை அசையவில்லை, அங்கே எல்லோரும் பிரேசில் கட்சி. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. வெள்ளையும் சிவப்புமாக ஆயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். டேரன் ஜெர்மனிக்குப் போயிருப்பான், மொட்டைத் தலை தெரிகிறதா என்று தேடினேன். பேரி வந்திருப்பாரா, அந்த முழங்காலோடு எங்கே நிற்பார் என்று தேடினேன். சட்டையை யாரோ இழுத்த பிறகுதான், அத்தனை பேர் குந்தியிருக்கும் மணலில் நான் மட்டும் எழுந்து நிற்கிறேன் என்பது தெரிந்தது.

“மச்சான், நீ எதுக்கு எழுந்தே?” என்றார் மாமா.

உட்கார்ந்தேன். திரையில் அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.