வாத்தியார் வீசிய வெள்ளைத் துண்டு

யுத்தத்துக்கு முந்தைய காலம். மேலூர்ப் பக்கம் ஓராசிரியர் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சௌரிராஜன் வாத்தியாருக்கு ஒரே ஆசை, எப்படியாவது மதுரைக்கு மாற்றலாகிவிட வேண்டும். நெசவுக்கார வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து நல்ல வார்த்தை சொன்னால் மாற்றல் கிடைக்கும். அதற்காகவே மீன் பாடத்தைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தார். புத்தகத்தில் இருந்ததோ சீமைக் கடல் மீன்!

இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கா, வற்றுகிற கண்மாயில் ஊர் கூடி மீன் பிடிக்கும் கண்மாய் அழிக்கிற நாள் வாய்க்க வேண்டும்? பள்ளியில் ஈ காக்கை இல்லை. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மீன் கூடையோடு கரையில் திரண்டிருக்க, பிள்ளைகளும் அங்கேதான். ஊர்த் தலைவர் காசிமாயன் அம்பலம் சாமி கும்பிட்டுவிட்டு வந்து வெள்ளைத் துணி வீசினால்தான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். பட்டணத்து வாத்தியாருக்கு அது எங்கே தெரியும்? இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு கரையேறிக் கத்திப் பார்த்தார். குரல் எடுபடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பிள்ளைகளைப் பார்த்து வீசு வீசென்று வீசினார்.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் கண்மாயில் பாய்ந்தது.

வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சேறும் சகதியுமாக, மீனும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் சும்மா ஒரு மீனைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

வகுப்பில் வாயே திறக்காத மாயக்காள் பிடித்துக்கொண்டாள். "வெரால் சார். மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போகும். குஞ்சு பொரிச்சா கூடவே காவலுக்குத் திரியும்."

வாத்தியாருக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டார். பிள்ளைகள் முண்டியடித்துப் பதில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம். "மதுரையிலேயே உமக்கு இடம் பார்க்கிறேன்" என்றார்.

அதற்குள் அம்பலம் வந்துவிட்டார். "சாமி கும்பிடுமுன்ன வெள்ளை வீசுனது யாரு?"

"நான்தாங்க" என்று எழுந்தார் சௌரிராஜன்.

அம்பலம் ஏற இறங்கப் பார்த்தார். "வெளியாளு வீசுனா ஊருக்கே குத்தம் வாத்தியாரய்யா. அதனால இன்னையிலருந்து நீங்க நம்ம ஊராளு. வாங்க, சாமிகிட்ட சொல்லிட்டு வந்துருவோம்."

சௌரிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டரிடம், "மாற்றல் அடுத்த வருஷம் இருக்கட்டும் சார்" என்றார். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. ஓய்வு பெறும்வரை அவருக்குக் கண்மாய்க்கரைதான் பள்ளிக்கூடம்.

இப்போது மதுரையில்தான் இருக்கிறார். சுற்றிலும் தறிச் சத்தம். ஆனால் தூக்கம்தான் பிடிப்பதில்லை. காலையில் மொட்டைமாடியில் துண்டை உதறும்போதெல்லாம் கை அப்படியே நின்றுவிடும். கீழே எட்டிப் பார்ப்பார். யாரும் பாய்வதில்லை.