ரப்பர் பேண்டு கழற்றாத மஞ்சள் கட்டு

நான் முதலில் கவனித்தது அந்த ரப்பர் பேண்டைத்தான். கண்டக்டருக்குப் பின்னால் ஒருவர் துண்டுச் சீட்டுகளை இரண்டு கட்டாக வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் கட்டு பாதி தீர்ந்து தொளதொளவென்று இருந்தது. மஞ்சள் கட்டின் மேல் போட்ட ரப்பர் பேண்டு கழற்றப்படவே இல்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்த பிறகு இன்னொரு சீட்டு எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இது போன புதன்கிழமை போன பயணம். எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தின் ஓரத்தில், செந்துறைப் பக்கம் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக வரும் டவுன் பஸ் மாவட்ட எல்லையோடு திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர். நடக்க வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். இப்போது அந்த பஸ்சை எங்கள் ஊர் வரை பத்து நாள் விட்டுப் பார்க்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டி நேரம் சொன்னார்கள்: காலையில் எங்கள் ஊரில் 7.40, மாலையில் பெரம்பலூரில் 4.15. ஏன் பத்து நாள், அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. சும்மா ஒன்று கிடைத்தால் எங்கள் ஊரில் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

எனக்குப் பெரம்பலூரில் ஒரு வேலை கேட்க வேண்டியிருந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். போனில் பேச எனக்கு வராது. நேரில் மட்டும் வருமா என்றால் வராது. ஆனால் தைத்த ஜாக்கெட்டை நீட்டிவிடலாம், அது பேசிக்கொள்ளும்.

பஸ் 7.50-க்கு வந்தது. திரும்பும் இடம் முழுக்க மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். சோளத்துக்காரி அசையவில்லை.

"பத்து நாள் பஸ்சுக்காக என் சோளத்த அள்ளணுமா? பாத்துத் திருப்புங்க."

டிரைவர் மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திருப்பினார். எதிர் வீட்டு ராணி அக்கா கத்தரிக்காய்க் கூடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். தினமும் உழவர் சந்தைக்குப் போகிறவர். அப்போதுதான் அந்தச் சீட்டுக்காரர் வந்தார்.

"எந்த மாவட்டம்மா?"

"பெரம்பலூருங்க. ரெண்டு பேரும்," என்று ராணி அக்கா எனக்கும் சேர்த்துச் சொன்னார். இரண்டு வெள்ளைச் சீட்டு கிடைத்தது.

அவர் நகர்ந்ததும், "நாம அரியலூர்தானேக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாய மூடுடி. அரியலூர்னா, அடுத்த மாவட்டத்துக்காரிக்கு ஓசி கெடையாதுன்னு காசு கேப்பான். மாவட்டம் கேட்டு வந்தவன் எவன் நல்லதுக்கு வந்திருக்கான்?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். "காசு குடுத்துப் போற நானே பெரம்பலூர்னுதான் சொன்னேன். நமக்கெதுக்கு வம்பு."

அது முழுப் பொய்யும் இல்லை. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வரை எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டமாகத்தான் இருந்தது.

எல்லையை ஒட்டிய ஒன்றரை கிலோமீட்டர் சாலை சாலையே இல்லை. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் அரைத்துவிட்டன. பாதி பெரம்பலூர் மாவட்டத்தில், பாதி எங்கள் மாவட்டத்தில், அதனால் யாரும் போடுவதில்லை. கத்தரிக்காய் இரண்டு உருண்டு போனது. குன்னத்துக்குப் பிறகு பஸ் சத்தமே இல்லாமல் ஓடியது. பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது மணி 9.10.

கடைக்கார அம்மா ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "கை நல்லா ஏத்தியிருக்க. ஒம்பதரைக்கு வந்துருவியா?"

"பஸ் இருந்தா வந்துருவேங்க."

"இருந்தாவா? பத்து நாள் பஸ்ச நம்பி ஒரு மிஷின நான் ஒதுக்க முடியுமாம்மா? பஸ்ச நிறுத்த மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் வா. அதுக்குள்ள வேற ஆள் வந்தா என்னையக் கொற சொல்லாத."

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கைக்குட்டை கட்டாயம், லாரித் தூசி அப்படி. சாமான் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆண்களுக்கு எவ்வளவு என்று முன் இருக்கையில் இருந்தவரைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பேருந்து நிலையத்தில் டீ பதினைந்து ரூபாய். பத்து நாளுக்குள் வந்தால் பஸ் உண்டு. அதற்குப் பிறகு நான் உறுதி சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பது மாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது. டீக்கடைத் தூணுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் கண்டக்டரும் சீட்டுக்காரரும் டீ குடித்தார்கள்.

"ஆறு நாளா அரியலூருக்கான மஞ்சச் சீட்டு ஒண்ணுகூடப் போகலண்ணே," என்றார் சீட்டுக்காரர். "எங்க ஆளே ஏறாத பஸ்சுக்கு நாங்க எதுக்கு ரோடு போடணும்னு அரியலூர்ப் பக்கத்து ஒன்றியத்துல கேக்குறாங்க."

"ஏறுறது பூரா அந்த ஊருதான்யா," என்று கண்டக்டர் சிரித்தார்.

"மூஞ்சியப் பாத்தா குடுக்க முடியும்? சொல்றதுக்குத்தான் சீட்டு. ஆள் கணக்குப்படி ரெண்டு பக்கமும் பணம் போட்டாத்தான் ரோடு. ரோடு இல்லன்னா டிப்போவுல வண்டி குடுக்க மாட்டாங்க. பத்து நாளோட சரி."

பஸ்சில் ஏறியதும் ராணி அக்காவிடம் சொன்னேன். அவர் காலிக் கூடையைக் காலுக்கடியில் தள்ளினார்.

"நம்ம காதுல விழணும்னே பேசியிருப்பான். நீ போயி அரியலூர்னு சொல்லு, நாளையிலேருந்து எல்லாருக்கும் காசு. ஊரே ஒன்னையத்தான் பேசும்."

அதையும் என்னால் தள்ள முடியவில்லை. பேசும்போது சீட்டுக்காரர் ஒரு தடவை தூண் பக்கம் பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பத்தாம் நாளுக்குப் பிறகு அந்தத் தையல் மிஷினில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

4.20-க்கு பஸ் கிளம்பியது. சீட்டுக்காரர் வெள்ளைச் சீட்டாகக் கொடுத்துக்கொண்டே எங்கள் இருக்கைக்கு வந்தார். ராணி அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"நான் அரியலூர்ங்க."

சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீட்டுக்காரர் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, மேலே இருந்த மஞ்சள் சீட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் என்னிடம் காசு கேட்கவில்லை.

அந்தச் சீட்டை நான் பைக்குள் வைக்கவில்லை. முன் இருக்கைக் கம்பியில், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும்படி செருகிவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.