தங்கையாவின் மூன்றாவது பட்டை

தங்கையாவுக்கு மலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஆளே மாறிவிடுவான். ரிங்லெட் பள்ளித் திடலில் வத்தானியா என்ற பகுதிநேரப் படைக்குப் பயிற்சி நடக்கும். பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு லோரி ஏறுவான். ‘சனிக்கிழமைச் சிப்பாய்’ என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். எழுபத்து நாலில் சேர்ந்தவன். எழுபத்தெட்டில் சட்டைக் கையில் பதவிப் பட்டை ஒன்று ஏறியது, எண்பத்தொன்றில் இரண்டாவது. ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அப்பனுடைய பதினாறாம் நாள் காரியத்தன்றுகூடச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

நாட்டைக் காக்கிற வெறியெல்லாம் ஒன்றும் கிடையாது. மூன்றாவது பட்டை ஏறிச் சார்ஜன் ஆகிவிட்டால், தானா ராத்தா டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் காவல் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகக் கேப்டன் சொல்லியிருந்தார். வேலையோடு வீடும் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியே போக அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மருந்தடித்து மருந்தடித்து விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரிதாகச் சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. மிச்சமிருந்த ஒரே ஆசை அந்தப் பட்டை.

எண்பத்தைந்தில் சார்ஜன் சோதனை வந்தது. முப்பது பேரை நிறுத்தி, நடத்தி, திருப்பி, கடைசியில் விருந்தாளிக்குச் சல்யூட் வைத்து அணியைக் கலைக்க வேண்டும். அன்று தங்கையாவின் குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கேப்டன் தலையாட்டிக்கொண்டே மார்க் போட்டார். சல்யூட் ஒன்றுதான் பாக்கி.

விருந்தாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பார்த்தால், தோட்டத்துத் துரை! வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷமாகிறது, இவர் உள்ளூர்க்காரர். ஆனாலும் துரை துரைதானே. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

துரை பத்தடி தூரத்தில் வந்தபோது தங்கையாவின் கை மேலே போனது. சல்யூட்டுக்குத்தான் போனது என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். போன கை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகியது. கால்கள் இரண்டடி ஒதுங்கி நின்றன. அவனோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் தங்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். மற்ற பதினெட்டுப் பேரும் கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். கேப்டன் பேனாவை மூடினார்.

“அடுத்த வருஷம் மறுபடி முயற்சி பண்ணு,” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். இந்த நேரத்தில் வெட்கம் வர வேண்டும் என்று தங்கையாவுக்குத் தெரிந்தது. வரவில்லை. அழுகையும் வரவில்லை. லோரியில் தன் பூட்ஸைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தான்.

துரைக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மரியாதை தெரிஞ்ச ஆளு நீ. வீரப்பன் கங்காணிக்கு வயசாயிருச்சு. நாளையிலேருந்து நீதான் கங்காணி,” என்றார். “ஆனா ஒன்னு. கங்காணின்னா சனிக்கிழமையும் சாயங்காலம் வரைக்கும் மலையில நிக்கணும். இந்தப் பட்டாளத்து வேலையெல்லாம் விட்டுடு.”

வீட்டில் அவன் சொன்னதைக் கேட்டதும் அவன் மனைவி பாஞ்சாலைக்குக் கோபம் பொங்கியது. இருக்காதா? தானா ராத்தா வீட்டுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தவள் அவள்.

“பதினோரு வருஷம் லா! அடுத்த வருஷம் சோதனை இருக்குன்னு சொன்னாருல்ல கேப்டன்? கங்காணி வேலை வேணாம்னு தொரைகிட்ட சொல்ல வேண்டியதுதானே? ஒங்களுக்கு வாயில்லையா?”

தங்கையா தலைத்துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினான்.

“வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்,” என்றான். “‘ரொம்ப நன்றிங்க தொரை’ன்னு வந்துருச்சு.”